பூமாலை மாமா ஒட்டாமல் போன துண்டு

எனக்குக் காது குத்த வந்துதான் என் தாய்மாமன் பூமாலை கெட்டார். என்னைக் கேட்டிருந்தால் மூளிக்காதோடு இருந்துவிடுகிறேன் என்றிருப்பேன். கேட்கிற வயசா அது?

ஐ.டி.ஐ. முடித்த மாமா வடநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தார். சூரியனுக்குள் நடப்பதை இங்கே நடத்திப் பார்க்கும் உலைக்கு, உட்சுவரில் பதிக்க டங்ஸ்டனையும் செம்பையும் ஒட்டுகிற வேலை. டங்ஸ்டன் சூட்டைத் தாங்கும். பின்னாலிருக்கும் செம்பு அதை வாங்கித் தண்ணீருக்குக் கடத்தும். இது இன்னா பெரிய வேலை, ஈயம் பூசுறவன் செய்ய மாட்டானா என்று என் அம்மா அம்சவள்ளி கிண்டல் செய்திருக்கிறாள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒட்றது பெருசில்லக்கா. ஆறும்போது செம்பு ஜாஸ்தி சுருங்கும், டங்ஸ்டன் கம்மியா சுருங்கும். அவசரப்பட்டா வெடிச்சிடும். மெதுவா ஆற வுடணும்."

பல துண்டுகளை வெடிக்க விட்டுத்தான் அதைக் கற்றாராம். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் அதிகாரிகள் முன்னால் ஒரு துண்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 1987 செப்டம்பரில் அதற்குத் தேதி குறித்தார்கள். வடக்கனந்தலில் பார்த்திருந்த பெண் வீட்டாரும் வேலை நிலைத்தால்தான் தாலி என்றிருந்தார்கள். காதுகுத்து அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு. மாமா வராமல் இருந்திருக்கலாம். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த மாட்டேன் என்று அம்மாதான் அடம்பிடித்தாள்.

விருந்து முடிந்த மறுநாள் விடியலில் பையோடு கிளம்பினார். தியாகதுருகத்தைத் தாண்டியதும் சாலை நெடுக மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் கிடையாது. முதல் புளியமரத்தருகே கோடாலியோடு நின்றவர் என் அப்பா ராஜாங்கம்.

"உன்ன மாதிரி பசங்களுக்கு வேல கெடைக்கத்தான் மச்சான் இது. ரெண்டு நாள் பொறு" என்றார் அப்பா.

ரெண்டு நாளில் சர்க்கார் இறங்கி வந்துவிடும் என்று அவர் மனசார நம்பினார். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல்வழியாக நடந்தார். நடந்தே விழுப்புரம் போய், கிடைத்த ரயிலைப் பிடித்து அங்கே சேர்ந்தபோது, வேறொருவர் ஒட்டிய துண்டு ஒட்டுகிற அடுப்புக்குள் ஆறிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மாமா கல்யாணப் பேச்சுக்கே இடம்கொடுக்காமல் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறை போட்டு, வெள்ளிமலை ஏறிக் கொதித்துப்போய் வரும் ஜீப்புகளின் ரேடியேட்டர் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு வருஷம் கழித்து ஒதுக்கீடு வந்தது. அப்பா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு லட்டோடு பட்டறைக்குப் போனாராம். அது நியாயமான சந்தோஷம்தான். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அதில் படித்தார்கள், நானும் படித்தேன்.

"இனிமே உன் புள்ளைங்களுக்குக் கவலையில்ல மச்சான்."

மாமா லட்டை வாங்கிப் பிட்டு என் வாயில் ஊட்டினார். கோபமே இல்லாமல் சொன்னாராம்:

"எனக்கு ஏது மாமா புள்ளைங்க."

ஜீப்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அங்கேயே குந்தி அழுதார்.