மெர்ல் கேட்ட சின்னத் துப்பாக்கி

ஹார்லன் டீட்ஸுக்குச் சந்தேகம் கூடப்பிறந்த வியாதி. பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடை அவனுடையது. நான் கான்னி, அவனோடு பள்ளிக்கூடம் படித்தவள். அதே கடையில் தோட்டாவும் வேட்டைச் சட்டையும் விற்கிறேன். யார் உள்ளே வந்தாலும் ஹார்லன் முதலில் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். வண்டியில் இன்னொருத்தன் உட்கார்ந்திருந்தால் போச்சு. "யாருக்கும்மா வாங்குறே?" என்று ஆரம்பித்துவிடுவான். தன் பேரில் வாங்கி வேறொருத்தனிடம் கொடுப்பது குற்றம், விற்றவனுக்கும் வம்பு. அதெல்லாம் சரிதான். அதற்காகப் பாதிரியாரின் மனைவியைக்கூடவா குடைவது?

முன்பு அவன் இவ்வளவு மோசமில்லை. மான் வேட்டைக்காரர்கள் வருவார்கள், போன வருஷம் தப்பித்த மானைப் பற்றி வாய் கூசாமல் புளுகுவார்கள், நீளத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப்போவார்கள். அந்தக் கூட்டம் இப்போது பாதிகூட இல்லை. வருகிறவர்கள் நர்சுகள், பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்கள், தனியாக இருக்கும் கிழவிகள். எல்லோருக்கும் கைப்பையில் அடங்குகிற சின்னத் துப்பாக்கிதான் வேண்டும். போன மாதம் ஒருத்தி ஊதா நிறத்தில் கேட்டாள். "இதென்ன உதட்டுச்சாயமா?" என்று ஹார்லன் முணுமுணுத்தான், ஆனாலும் வரவழைத்துக் கொடுத்தான். மான் தலைகள் மாட்டியிருந்த சுவரில் பாதியைக் காலி செய்து, துப்பாக்கி வைக்கிற கைப்பைகளைத் தொங்கவிட்டோம். அன்றிலிருந்து புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் அவன் கண்ணுக்குத் திருடர்கள்தான்.

நவம்பரில், மான் வேட்டைப் பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது மெர்ல் ஷேஃபர் வந்தான். ஹார்லனின் வேட்டைக் கூட்டாளி. அவன் மனைவி ஐலீன் அந்தக் கோடையில்தான் இறந்துபோயிருந்தாள். இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தான். ஒன்று அவன் அப்பாவுடையது.

"இதுங்கள எடுத்துக்கோ. எனக்கு ஒரு சின்னது குடு. இப்ப எல்லாரும் வாங்குறாங்களே, அது."

ஹார்லன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, நீயும் மாறிட்டியா! இந்தப் பொம்பளைங்களுக்கே வித்து வித்து அலுத்துப்போச்சுடா எனக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டை விற்றவன் உண்டு, பெண்டாட்டியை விட்டு ஓடினவன் உண்டு. மான் பருவத்துக்கு முந்தின வாரம் துப்பாக்கியை விற்றவன் கிடையாது. அரை நாள் பேரம் பேசுகிற மெர்ல், ஹார்லன் எடுத்துக் காட்டிய முதல் கைத்துப்பாக்கிக்கே தலையாட்டினான். அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

நான் காப்பியை அவன் முன்னால் வைத்தேன். "டாலி எங்க மெர்ல்? வண்டியில காணோமே?" டாலி அவன் நாய்.

"மக வீட்டுல விட்டுட்டேன்."

"எப்ப கூட்டிட்டு வருவே?"

"அங்கயே இருக்கட்டும் கான்னி." காப்பியை அவன் தொடவில்லை.

இதற்குள் ஹார்லன், வாங்குகிறவன் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று போலீசில் விசாரிக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டான். "நம்ம ஆளு சுத்தம். ஒரு நிமிஷ வேலைதான்."

நான் போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?"

"வர்ற பொம்பளைங்கள எல்லாம் ஏற இறங்கப் பாக்குறியே, உன் கூட்டாளி மூஞ்சியக் கொஞ்சம் பாருடா!"

ஹார்லன் பார்த்தான். மேசைமேல் கிடந்த துப்பாக்கிகளைப் பார்த்தான், மறுபடி மெர்லைப் பார்த்தான். முகம் வெளுத்தது. எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

"மெர்ல்," என்றான் கடைசியில், "உன்னையே ஏதாவது பண்ணிக்கப் போறியாடா?"

மெர்ல் தரையைப் பார்த்தபடி நின்றான். "விக்கலேன்னா விடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கடை இருக்கு. அங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்ப அங்க போகாம ஏன்டா இங்க வந்தே?"

மெர்ல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஊரையே கேப்பியே நீ. என்னையும் கேப்பேன்னுதான்டா வந்தேன். உள்ள நுழைஞ்சதுமே கேப்பேன்னு நெனச்சேன்."

ஹார்லன் மேசையைச் சுற்றி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். நான் மெர்லின் மகளுக்குப் போன் போட்டேன்.