இரண்டு வரிசை இங்கிலீஷ்

இங்கிலீஷில் கோட்டை விட்டவர்களுக்கென்று சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் மதிய வகுப்பு நடந்தது. அறுபதுகளின் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற பாடமெல்லாம் தேறி, இதில் மட்டும் கவிழ்ந்து, மறுபடி எழுதப் போகிறவர்கள் நாங்கள். மேலே ஓட்டுக் கூரை, உள்ளே சோறு நிரம்பிய வயிறு. தூக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். நானோ விடிவதற்கு முன்பே தறியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவன். பெஞ்சில் சாய இடமில்லை, முதுகு விண்விண்ணென்று தெறிக்கும்.

அண்ணன் நெய்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒற்றை ஆளால் ஆகாது. அண்ணன் நெய்ய நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவன் நான். நான் வகுப்புக்குக் கிளம்பியதும் என் இடத்துக்கு அண்ணி வருவார். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார்.

"பரீட்சை வரைக்கும்தானே, பொறுத்துக்க" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணியும் அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "இடுப்பு வுட்டுப்போச்சுப்பா. இந்த வாட்டியாவது பாஸ் பண்ணிடு தம்பி. நான் எழுந்திருக்கணும்" என்பார். இதைக் கேட்டுவிட்டுப் போகிறவனுக்கு இங்கிலீஷ் மோனையான அலிட்டரேஷன் எங்கே மண்டையில் ஏறும்?

சார் கோயில் தெருக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வு கிடைக்காதவர். அணி, செய்யுளோசை, இலக்கணம் என்று எல்லாவற்றையும் திரும்ப ஒரு முறை ஓட்டிவிட வேண்டும், தொண்டையிலோ தெம்பில்லை. பெருமாள் புறப்பாட்டில் பாசுரம் சொல்கிறவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு வரிசை மூச்சு வாங்கும்போது மற்றது சொல்லும். சார் அதை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜன்னல் பக்கம் பெயர் சொல்ல வேண்டும், சுவர்ப் பக்கம் விளக்கமும் உதாரணமும் சொல்ல வேண்டும்.

நான் ஜன்னல் பக்கம். நாங்கள் "அலிட்டரேஷன்!" என்று கத்தினால் அவர்கள் "பிக் பிளாக் பஃபலோ!" என்று முழங்குவார்கள். செய்யுள் ஓசையில் அழுத்தமில்லாத அசைக்கு நாங்கள் "டி" என்போம், அழுத்தமான அசைக்கு அவர்கள் "டம்" என்பார்கள். ஆக்டிவ் வாய்ஸ் எங்களுடையது, அதைப் பாஸிவாகத் திருப்புவது அவர்கள் பாடு. சார் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக் கையில் தாளம் போடுவார். தெருவில் போகிறவர்கள் நின்று, "இன்னாமா படிக்குதுங்க பாரு பசங்க!" என்பார்கள். நாங்களும் அதை நம்பித் தொலைத்தோம்.

பரீட்சை நெருங்கிய ஒரு நாள், என் பக்கத்தில் இருந்தவனைச் சார் தனியாக எழுப்பிச் சொல்லச் சொன்னார். அவன் "மெட்டஃபர்!" என்றான் கணீரென்று. அப்புறம் சுவர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான்.

"மேலே சொல்லுடா" என்றார் சார்.

"அத அவங்கதான் சார் சொல்லணும்."

நாங்கள் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கத்திலிருந்து ஒருவனை எழுப்பி, பிக் பிளாக் பஃபலோவுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். "உதாரணம்தான் சார் எங்களுது. பேரு அவங்ககிட்ட இருக்குது."

சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. இத்தனை நாள் அண்ணியை உட்கார வைத்துவிட்டு நான் படித்தது பாதி இங்கிலீஷ்! சார் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "பரீட்சை ஹாலில் உன் பக்கத்தில் அவனை உட்கார வைப்பானாடா? எல்லாரும் இடம் மாறி உட்காருங்கோ" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அலுப்பு.

அன்று முதல் சுவர்ப் பக்கத்துப் பாதியை விழுங்க ஆரம்பித்தேன். விடியற்காலைத் தறியிலும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கை நின்றுவிடும். "டேய், எங்க பாத்துக்கினு இருக்குற, நாடாவத் தள்ளு!" என்று அண்ணன் எரிந்து விழுவார். எப்படியோ பரீட்சை முடிந்தது. முடிந்த கையோடு என் இடத்தில் நானே முழு நாளும் உட்கார்ந்தேன். தேறினால் பிழைப்பு உண்டு என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

பேப்பரில் என் நம்பர் வந்தது. வீட்டில் என்னைவிட அண்ணிக்குத்தான் குஷி. சர்க்கரையை அள்ளி என் வாயில் திணித்து, "அப்பாடா, என் இடுப்பு பட்ட பாட்டுக்குப் பலன் கெடச்சுது!" என்று சிரித்தார். அண்ணனும் என் முதுகில் தட்டினார். "வாத்தியார் ட்ரெயினிங்குக்குப் போட்டுடலாம். வெளியூர்லதான் தங்கணும், பரவாயில்ல" என்றார்.

அண்ணியின் சிரிப்பு நின்றது. "அப்போ தறியில யாரு உக்காருவா?" என்று கேட்டார்.

நான் பரீட்சையில் தவறியிருந்தால் படிப்பை விட்டுத் தறியிலேயே இருந்திருப்பேன், அவர் எழுந்திருக்கலாம். தேறிவிட்டேன். அந்த நிமிஷம் வரை எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அண்ணன் என்னையும் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை. "நேரமாவுது, வா" என்று சொல்லிவிட்டுத் தறிக் குழியில் காலை இறக்கினார். நான் எழுந்தேன்.

"நீ இரு தம்பி" என்றார் அண்ணி. கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போய் உட்கார்ந்தார்.