வெள்ளி மையும் இழுத்துப் பார்த்த கையும்

மண்ணரையில் நான் பிரிண்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் யூனிட்டுக்கு ஒரு சாம்பிள் ஆர்டர் வந்தது. பனியனின் நெஞ்சுப் பகுதியில் வெள்ளி மையால் நேர்க்கோடு அச்சிட வேண்டும். போட்டிருப்பவரின் இதயத்துடிப்பை அந்தக் கோடு ஒரு சிறு கருவிக்குக் கொண்டு போகுமாம். பூவும் புலியும் அடித்தே தலை நரைத்தவன் நான். மையில் கரண்ட் ஓடும் என்றதும் சிரித்துவிட்டேன்.

பன்னிரண்டு பீஸ் அடித்தோம். மையைச் சூட்டில் இறுக வைக்கும் க்யூரிங் முடிந்து வந்ததும், கரண்ட் ஓடினால் சத்தம் போடும் மீட்டரைக் கோட்டின் இரு முனையிலும் வைத்தேன். பன்னிரண்டும் 'பீப்' என்றன. சொன்னால் நம்பமாட்டீர்கள், சின்னப்பிள்ளை போலக் குதித்தேன்.

மறுநாள் காலை, செக்கிங் முடிந்து வந்த பீஸ்களில் முதலாளி மீட்டரை வைத்தார். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. கண்ணுக்குக் கோடு பளபளவென்றுதான் இருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், நேத்து நல்லா இருந்துச்சுன்னீங்க? சாயங்காலம் பையர் வர்றாருங்க. இது போச்சுன்னா ஆர்டரே போச்சுங்க."

எனக்கு மானம் போயிற்று. செக்கிங் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"என் டேபிளை உட்டுப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. யாரு கை வெச்சது? அவங்க நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்!"

கடைசி மேசையிலிருந்து மும்தாஜ் எழுந்து வந்தார். செக்கிங்கில் பல வருடம் இருப்பவர். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

"நாந்தானுங்க மாஸ்டர். எப்பவும் போல ஒவ்வொரு பீஸையும் ரெண்டு கையில புடிச்சு இழுத்துப் பாத்தனுங்க."

பிரிண்ட் வெடிக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெள்ளிக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கிறது. அவரே தொடர்ந்தார்.

"நான் இழுக்காட்டியும், போடறவங்க இழுத்துத்தானுங்க போடுவாங்க? எலாஸ்டிக்குக்கு நேர் தையல் போட்டா அறுந்துருமுன்னு ஜிக்ஜாக் போடறமுங்க. இந்தக் கோட்டையும் வளைச்சு வளைச்சு அடிச்சா என்னங்க?"

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அப்போதே பிலிமை மாற்றி, புது ஸ்கிரீன் போட்டு, அலை அலையாக அடித்தோம். பையர் வந்ததும் பனியனை மும்தாஜிடமே கொடுத்தேன்.

"நல்லா இழும்மா" என்றேன்.

இழுத்துப் பிடித்தார். மீட்டரை வைத்தேன். நிற்காமல் 'பீப்' என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்டரும் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏதாவது கெட்டுப்போனால் இப்போது நான் முதலில் கேட்பது, "எப்படிச் செஞ்சீங்க?" என்றுதான். யார் என்று கத்தினால், எல்லோரும் மும்தாஜைப் போல எழுந்து வரமாட்டார்கள்.