காளியம்மாளின் இலை

நேற்றுப் பக்கத்து வீட்டுச் சிறுமி சார்ட்டும் பசை டப்பாவுமாக வந்து நின்றாள். "ஆன்ட்டி, ஃபேமிலி ட்ரீ செய்யணும். ஹெல்ப் பண்றீங்களா?" எனக்கு வேலை இருக்கிறது, அம்மாவிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன். பொய்தான். ஒரு வேலையும் இல்லை.

எங்கள் காலத்துப் பசைக்கு வேறு வாசனை. மைதா மாவில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் கிண்டுவோம். அது விஷமாயிற்றே, பிள்ளைகள் நக்கிவிடக் கூடாதே என்று பசை வாளிக்கு நானே காவல். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புது டீச்சர், புதுக் கைக்கடிகாரம், ஊரையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு. இரண்டாம் வகுப்புக்குக் குடும்ப மரம் செய்யலாம் என்பது என் யோசனைதான். மாதிரிக்குப் போர்டில் நான் வரைந்த மாமரத்தைப் பார்த்து, "காலிஃபிளவரா டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன்.

பச்சைத்தாளில் இலை வெட்டிக் கொடுத்தேன். அப்பா, அம்மா என்று வீட்டில் ஆளுக்கு ஓர் இலை, இலைக்கு ஒரு பெயர். மாரீஸ்வரி என்ற பெண் மட்டும் இன்னோர் இலை கேட்டு வந்தாள்.

"எனக்கு ரெண்டு அம்மா டீச்சர்."

எனக்குத் தெரியும். பெற்றவள் முத்துலட்சுமி ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்த்தாள். அப்பா இரண்டாவதாகக் கட்டிய காளியம்மாள்தான் பிள்ளைக்குத் தலைசீவி, மதியம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவாள். எல்லோரும் ஒரே வீட்டில். கொடுத்த இலையில் காளியம்மாள் என்று மாரீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

சார்ட்டுகளையெல்லாம் வைக்கப்போகும் பள்ளிக் கண்காட்சிக்கு முதல்நாள் சாயங்காலம் அந்த இலையை உரித்தெடுத்தேன். யாரும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் வருகிறார்களே, என் வகுப்பைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று நானாகச் செய்தது.

மறுநாள் முத்துலட்சுமிக்குப் பகல் ஷிப்டு. காளியம்மாள் வந்தாள், பெட்டியில் மடித்து வைத்த சேலையும் தலைநிறையப் பூவுமாக. பிள்ளையின் கையைப் பிடித்தபடி சார்ட்டின் முன் நின்றாள்.

"எம்புட்டு அழகா செஞ்சிருக்கா! எம்பேரையும் எழுதிருக்கேன்னு சொன்னா. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்ல. எங்கன இருக்கு டீச்சர்?"

என் விரல் முத்துலட்சுமி என்ற பெயரைக் காட்டியது. "இதுதாம்மா."

அவள் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். மாரீஸ்வரிக்கு வாசிக்கத் தெரியும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். சார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு காளியம்மாளின் கையை இழுத்துக்கொண்டு அடுத்த சார்ட்டுக்குப் போனாள்.

மறுநாள் புதிதாக ஓர் இலை வெட்டி, "இத ஒட்டிருவமா?" என்று மாரீஸ்வரியைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் டீச்சர். அம்மாதான் பாத்துட்டாகள்ல."

குரலில் கோபம்கூட இல்லை. அதன் பிறகு அவள் எந்தச் சந்தேகமும் கேட்டு என் மேசைக்கு வந்ததில்லை.

வருடக் கடைசியில் அவள் அப்பாவுக்கு ஆலங்குளம் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பமே போய்விட்டது. பள்ளியும் இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். காளியம்மாள் இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அந்தக் கோடை விடுமுறையில் சார்ட்டுகளையெல்லாம் சுருட்டிக் கட்டிப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டதும் நான்தான். போடும் முன் ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை.