ஒரு கைப்பிடி

"சட்டைப் பையில என்ன, சாவியா? அதையும் எடுத்து வச்சிடுங்க."

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி ஏறி நின்றான். எடைக்கருவியின் சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு நின்றன. நூற்றிரண்டு புள்ளி ஒன்பது.

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"போன தடவை நூத்தி ஒன்னு புள்ளி எட்டு. அஞ்சு வாரத்துல குறைச்சிட்டு வாங்கன்னா, ஏத்திட்டு வந்திருக்கீங்க."

"மிஷின் சரியா இருக்குதுங்களா?"

"நான் ஏறுனா அறுபத்தி ஏழு. மூணு மாசமா அறுபத்தி ஏழு. அதுக்கு உங்க மேல மட்டும் என்ன விரோதம்?"

இறங்கிக் காலுறைகளைத் தேடி எடுத்தான்.

உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களை வெளிப்பக்கமாகக் கயிற்றில் தொங்கித் துடைப்பது அவன் வேலை. பதினோரு வருடமாகிறது. ஆள் நூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அதைப் பல காலமாகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். யாரும் படித்ததில்லை. இந்த வருடம் வந்த புது மேற்பார்வையாளர் படித்துவிட்டார்.

"இன்னும் அஞ்சு வாரம் தரேன்," என்றார். "அப்பவும் இப்படியே இருந்தா எனக்கு வேற வழியில்ல. கீழ்வேலைக்கு மாத்திடுவேன். சம்பளம் அதேதான்."

கீழ்வேலை என்பது வண்டிகள் நிறுத்தும் தளத்தைக் கழுவுவது. தரைக்கு இரண்டு மாடி கீழே, ஒரு ஜன்னல்கூட இல்லாத இடம். மேலே தொங்கும்போது அவனுக்குத் தன் எடை தெரிந்ததே இல்லை. கீழே நடக்கும்போது தெரியும்.

வேலையிடத்தில் அவனுக்கு முறம் என்று பெயர். கைகளால் வந்த பெயர். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் அரிசி புடைக்கலாம் என்று யாரோ சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. கடையில் கிடைக்கும் பெரிய கையுறையும் அவன் விரல்களில் பாதி தூரம் போய் நின்றுவிடும். அதனால் குளிரிலும் வெறுங்கைதான். அவன் பிழிந்த துணியில் இன்னொருவர் பிழிவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பக்கத்துக் கயிற்றில் தொங்குபவன் நூல். மூன்று வேளையும் கறி சாப்பிட்டு, இடையில் வறுத்ததும் பொரித்ததும் தின்று, ஐம்பத்தெட்டு கிலோவைத் தாண்டாதவன். வாசலில் காத்திருந்தான்.

"என்னடா, இறங்குச்சா?"

"ஏறிடுச்சு."

"இலை தழையத் தின்னுமா?"

"ம்."

"யானையும் அதத்தான்டா திங்குது." நூல் அவனைச் சுற்றி ஒரு நடை வந்தான். "வீகன், வீகன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். நீ வீகன் இல்லடா. வீக்கன்."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்து முடித்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "கீழ போயிடாதடா. புது ஆளோட தொங்க எனக்குப் பயமா இருக்கு," என்றான்.

கயிற்றுக்கு வருமுன் முறம் கோழிகளை ஏற்றிப்போகும் லாரி ஓட்டினான். நான்கு வருடம். அந்த வேலையைப் பற்றிப் பேசமாட்டான். அதை விட்ட வாரம் கறியையும் விட்டான். முட்டை அடுத்த வருடம் நின்றது. பால் நின்று மூன்று வருடமாகிறது. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் "பிடிக்கல" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னான். மெலிவதற்காக எதையும் விடவில்லை. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது உறைப்பதில்லை. கறியும் பாலும் விட்டவன் வற்றிப்போய் இருக்க வேண்டாமா? இவன் வருடத்துக்கு இரண்டு கிலோ கூடிக்கொண்டே போனான்.

ஏன் என்று டயட் அம்மா முதல் தடவையே சொல்லியிருந்தாள். மருந்துக்கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்பவள். டயட் அம்மா என்பது அவன் வைத்த பெயர். "உருளைக்கிழங்கு வறுவலும் வீகன்தான் சார். சர்க்கரையும் வீகன்தான். பசிச்சா பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சா எந்த வீகனும் குண்டாயிடுவான்." அவன் வெட்கப்பட்டான். அன்றோடு பிஸ்கட், வறுவல், ஜாம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டான். அவள் எழுதிக்கொடுத்த தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான்.

காலையில் ரொட்டி இரண்டு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மதியம் சோறு ஒரு கப், பருப்பு ஒரு கப், தட்டில் பாதி காய். சாயங்காலம் ஒரு பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், மறுபடி காய். வாரம் ஒரு பி12 மாத்திரை.

சட்டம் மாதிரி நடந்தான். கப்பில் சோற்றை அள்ளிக் கத்தியின் முதுகால் சமமாக வழித்தான். கைப்பிடி என்றால் கைப்பிடி. மூடிய விரல்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கடலையைக்கூடத் திரும்ப டப்பாவில் போட்டான். அப்படியும் ஒரு கிலோ நூறு கிராம் ஏறியிருக்கிறது.

வீட்டில் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டை வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, வெளியில ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"நூல் வாங்கிக் குடுத்து?"

"இல்லன்னா இல்ல."

அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பதினைந்து வருடமாக மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "எங்க டாக்டர்கிட்ட வர்றவங்களும் இனிப்பே தொடுறதில்லன்னுதான் சொல்லுவாங்க. வாயத் திறந்தா தெரிஞ்சிடும்."

அவன் வாயைத் திறந்து காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"முட்டையாவது சாப்பிடுங்களேன். நான் உங்களக் கறி தின்னச் சொல்லல. ரொட்டி, பருப்பு, சோறுன்னு மாவா உள்ள போய்க்கிட்டிருக்கு. அஞ்சு வாரத்துக்கு மட்டும். அப்புறம் நிறுத்திக்குங்க."

அவன் தட்டிலிருந்த முட்டைக்கோசை ஒதுக்கி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தான். முட்டையைவிட, அவள் நம்பவில்லை என்பதுதான் உறுத்தியது. லாரி ஓட்டிய நாட்களில்கூட அவளிடம் பொய் சொன்னதில்லை.

"டயட் அம்மாவப் பார்க்கலாம். நீயும் வா. அவங்களும் அதையே சொன்னா சாப்பிடுறேன்."

அந்த அறையில் மேசைமேல் பிளாஸ்டிக் பழங்கள் இருந்தன. ஒரு சின்னத் தராசும், பருப்பு வகைகள் அடைத்த கண்ணாடிக் குப்பிகளும் இருந்தன. டயட் அம்மா பொடிசானவள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அவன் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினாள்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்ல. இது அத்தனையும் உண்மைதானே சார்?"

"உண்மைதாங்க."

மனைவி ஒரு பிளாஸ்டிக் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேர்க்கடலை?"

"காலையில ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி. நீங்க சொன்ன மாதிரியே. அதுக்கு மேல ஒன்னு எடுக்கல."

அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனவள் நிறுத்தினாள். அவன் கைகள் மேசை விளிம்பில் இருந்தன. அவள் அவற்றையே பார்த்தாள்.

"சார், கையக் காட்டுங்க."

ரத்தம் குறைவாக இருந்தால் நகத்தில் தெரியும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். நகங்களைக் காட்டினான்.

"அப்படி இல்ல. கடலை எடுக்கிற மாதிரி." வேர்க்கடலைக் குப்பியைத் திறந்து நகர்த்தினாள்.

கை உள்ளே போகவில்லை. குப்பியின் வாயில் விரல்களின் கணுவோடு நின்றுவிட்டது.

"வீட்ல டப்பா பெருசு," என்றாள் மனைவி. உள்ளே வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சரி, நான் போடுறேன். நிறைஞ்சதும் சொல்லுங்க."

டயட் அம்மா குப்பியைச் சாய்த்தாள். கடலை விழுந்தது. அவன் உள்ளங்கை நிறையவில்லை. இன்னும் சாய்த்தாள். குப்பி பாதியானது. அப்போதுதான் "போதும்" என்று விரல்களை மூடினான். ஒரு கடலை நழுவி மேசையில் விழுந்தது. அதை எடுத்துக் குப்பியில் போட்டான்.

தராசில் கொட்டச் சொன்னாள். தொண்ணூற்றிரண்டு கிராம்.

அதை எடுத்துவிட்டுத் தன் கையால் ஒரு பிடி அள்ளி வைத்தாள். இருபத்தெட்டு.

வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலென்று நினைத்துத் திரும்பினான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"வேர்க்கடலையில பாதி எண்ணெய் சார்," என்றாள் டயட் அம்மா. அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினாள். "நல்ல எண்ணெய்தான். ஆனா நீங்க ஒரு நாளைக்கு ஆறரைக் கைப்பிடி சாப்பிட்டிருக்கீங்க. பிஸ்கட்ட விட்டுக் குறைச்சதெல்லாம் கடலையில திரும்ப வந்திருச்சு. தப்பு என்மேலதான். கிராமுல சொன்னா வீட்ல தராசு இல்லம்பாங்க, அதனால எல்லாருக்கும் கைப்பிடின்னே சொல்லிப் பழகிட்டேன். யாரோட கைன்னு நினைச்சே பார்க்கல."

"அப்ப நான் பொய் சொல்லல," என்றான்.

"பொய்யின்னு யாரு சொன்னா?"

அவன் பக்கத்தில் பார்க்கவில்லை. மனைவி பிளாஸ்டிக் வாழைப்பழத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"முட்டை?" என்று கேட்டான்.

"உங்க விருப்பம். எடைக்காகன்னா தேவையில்ல. பருப்பு இருக்கு, கொண்டைக்கடலை இருக்கு, சோயா சேர்த்துக்குங்க. முட்டை இல்லாததால நீங்க ஏறல சார். கடலை இருந்ததால ஏறுனீங்க. பி12 மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க, அது இந்தச் சாப்பாட்டுல கிடைக்காது."

"இனிமே எப்படி அளக்குறது?" என்றாள் மனைவி.

"வீட்ல தராசு?"

"இல்ல."

"உங்க கையக் காட்டுங்க."

பல் மருத்துவர் எப்போதும் பாராட்டும் கை அது. எந்த வாயிலும் நுழையும். அவள் ஒரு பிடி அள்ளித் தராசில் வைத்தாள். இருபத்தேழு.

"தராசு வாங்க வேணாம்," என்றாள் டயட் அம்மா.

பேருந்தில் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம்வரை மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் மடியில் விரித்து, அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் நுனிகள் அவன் விரல்களின் முதல் கணுவைத்தான் எட்டின.

"ஆறரைக் கைப்பிடி," என்று மறுபடி சிரித்தாள். "நூலை வேற சந்தேகப்பட்டேன், பாவம்."

மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவனுக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரமும் காலையில் அவள்தான் அளந்தாள். ஒரு பிடி தட்டில், ஒரு பிடி சின்ன டப்பாவில். முதல் வாரம் நாலு மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லா மாடியிலும் யாராவது எதையாவது தின்றுகொண்டிருந்தார்கள். பதினாலாவது மாடியில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் வெட்டினார்கள். அவன் அந்தக் கண்ணாடியைச் சீக்கிரமே துடைத்துவிட்டுக் கயிற்றைத் தளர்த்தி இறங்கினான். பைநிறையக் கேரட் கொண்டுபோய்க் கடித்தான். இரவில் காய் தட்டில் பாதி என்பது முக்கால் ஆனது. இரண்டாவது வாரம் பசி பழகிவிட்டது. மூன்றாவது வாரம் பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போனான்.

நூல் சின்ன டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"என்னடா இது, கடலையா? இல்ல உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில பிடுங்கின பல்லா?"

"அவ கைப்பிடி."

"அதான் எண்ணிடலாம் போல இருக்கு." எண்ணவும் செய்தான். பிறகு தன் பங்கு வறுவல் பொட்டலத்தைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டான். நூல் அவ்வளவு மரியாதை காட்டி அவன் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை. மேற்பார்வையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவன் செருப்பைக் கழற்றினான், ஏறினான். எண்கள் தடுமாறின. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தொண்ணூத்தி ஒன்பது புள்ளி ஆறு," என்றார் மேற்பார்வையாளர்.

அவன் இறங்கவில்லை.

"இறங்குங்க. தொண்ணூத்தி ஒன்பது புள்ளி ஆறு."

இறங்கும்போது சட்டைப் பையில் ஏதோ கிணுகிணுத்தது.

"சாவியோடயா ஏறுனீங்க?"

"மறந்துட்டேன்."

மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, அது இருக்கட்டும்," என்று பதிவேட்டை நகர்த்தினார். அவன் விரல்களுக்குள் பேனா காணாமல் போனது. கையெழுத்து கோணலாக விழுந்தது. வெளியே வந்து சுவரில் முதுகைச் சாய்த்தான். பத்து வாரமாக உள்ளே இழுத்துப் பிடித்திருந்த வயிற்றை அப்போதுதான் விட்டான்.

மறுநாள் ஆறரைக்கு எழுந்தான். மனைவி ஒரு பிடி கடலையைத் தட்டிலும் ஒரு பிடியை டப்பாவிலும் போட்டாள். எட்டு மணிக்கு நூலோடு மொட்டைமாடிக்குப் போனான். காற்று குறைவாக இருந்தது. பத்தொன்பதாவது மாடியில் தொடங்கி மதியத்துக்குள் பதினோராவது மாடிவரை துடைத்தார்கள். சோறும் பருப்பும் முட்டைக்கோசும் சாப்பிட்டான். மூன்று மணிக்கு மேகம் வந்தது, மழை பெய்யவில்லை. நாலு மணிக்குக் கடலை சாப்பிட்டான். ஐந்தரைக்குக் கயிறுகளைச் சுருட்டினார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தான். கடலை டப்பாவில் அடிமட்டம் தெரிந்ததால் அரைக் கிலோ வாங்கி வந்திருந்தான்.