சுற்றுகிற இடத்தில் கட்டியது

இருட்டிய பிறகு ஊம்ம்ம் என்று சத்தம் கேட்டால் மற்றவர்கள் "பேயா?" என்பார்கள், ஒர்க்‌ஷாப்காரன் பெண்டாட்டி, "எத்தனை ஸ்பீடுல ஓடும்போது?" என்பாள். இன்ஜின் மாற்றிவிட்டு நிம்மதியைத் தொலைத்தவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

பல்செட்டும் ஆடுது

போன மாதம் ஒரு ராத்திரி, வீட்டுக்குப் பின்னால் போகும் கோப்பெங் ரோட்டில் அந்தச் சத்தம். ஐந்து நிமிடத்தில் கேட்டுக்கு வெளியே மூர்த்தி அண்ணன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். என் கணவர் சிவா அந்த வேனுக்கு, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த ஹாஃப்கட் இன்ஜினும் கியர்பாக்ஸும் மாற்றிக் கொடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதில் ஏறப்போகும் பதினொரு பிள்ளைகளில் எங்கள் தேனுவும் ஒருத்தி. ஐந்து வயது, முதல் நாள்.

"தம்பி, எண்பதுல போனா சீட்டு ஆடுது, கண்ணாடி ஆடுது, என் பல்செட்டும் ஆடுதுலா!"

ஒரு கிளாஸ் தண்ணீர்

கவுண்டர் வேலை என்னுடையது. கான்வென்ட் கையெழுத்து என்பதால் டெஸ்ட் ஓட்டத்திலும் நோட்டுப் புத்தகத்தோடு என்னை ஏற்றிவிடுவார் சிவா. மடியில் நோட்டு, டேஷ்போர்டில் ஒரு கிளாஸ் தண்ணீர். எண்பதில் கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு உருள விட்டோம். தண்ணீர் அப்போதும் நடுங்கியது. ஆக, இன்ஜின் நிரபராதி. டயர்களை பேலன்ஸ் செய்தோம், அவையும் நிரபராதி. மிச்சம், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் அந்த நீளமான ஷாஃப்ட். மாற்றிய கியர்பாக்ஸ் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்ததில் ஷாஃப்ட் கோணலாகிவிட்டது. கியர்பாக்ஸுக்கு அடியில் தகடு வைத்துத் தூக்கினார் சிவா. தண்ணீர் அசையவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. "ஓடுறப்ப ஷாஃப்ட் கழண்டு விழுந்துடுமா?" என்று ஏழாவது முறை கேட்டேன்.

"நீ எழுது. விழுந்தா நானே சொல்றேன்."

எங்களிடம் மட்டும் ஆடாத வேன்

அன்று ராத்திரி மறுபடியும் ஊம்ம்ம். காலையில் மூர்த்தி அண்ணன் வேனைக் கொண்டுவந்தார், எங்கள் கையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. வீட்டுக்குக் கொண்டுபோனார்; ஆடியது. இரண்டு நாள் இதே கதை. சிவாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஷாஃப்டைக் கழற்றி கடைசல் பட்டறை சீனக் கிழவரிடம் கொடுத்தோம். அவர் மெஷினில் சுற்றிப் பார்த்துவிட்டு, சிவாவின் சிவந்த கண்ணையும் பார்த்தார்.

"ஷாஃப்ட் நல்லா இருக்கு லா தம்பி. தலைதான் ஆடுது."

அரைஞாண்

சனிக்கிழமை முடிவெடுத்துவிட்டேன்: தேனு வேனில் போக வேண்டாம், மோட்டார் சைக்கிளில் நானே கொண்டுபோய் விடுகிறேன். அதைச் சொல்ல மூர்த்தி அண்ணன் குடியிருக்கும் பழைய தோட்டத்து லயத்து வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று முழித்துக்கொண்டிருக்க, அவள் பூனையைத் துரத்திக்கொண்டு வேனுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, வேனுக்கும் அரைஞாண் கட்டியிருக்கு!"

குனிந்து பார்த்தேன். ஷாஃப்டில் கறுப்புக் கயிறு, அதில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு செம்புத் தாயத்து. கழன்றுவிடாமல் கம்பி போட்டு வேறு முறுக்கியிருந்தது. அண்ணன் மனைவி லெச்சுமி அக்கா விளக்கினார். ஹாஃப்கட் என்றால் ஜப்பானில் விபத்தில் அடிபட்ட காடியின் வெட்டியெடுத்த முன்பாதி. அதில் யார் போய்ச் சேர்ந்தார்களோ? சாமியார் 'சுத்துற இடத்துல கட்டு' என்றாராம். எங்களிடம் வரும்போதெல்லாம் கழற்றிவைத்து, வீட்டுக்கு வந்ததும் கட்டியிருக்கிறார்கள். போனில் கேட்ட சிவா, ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் அவ்வளவு கனம் இருந்தால் சுத்தியல் மாதிரி அடிக்கும் என்று கத்தினார். அக்கா பாவமாகக் கேட்டார்:

"எண்ணெய்க் கை படக்கூடாதேன்னு கழட்டி வச்சோம், அது தப்பா?"

சுற்றாத இடம்

அவிழ்த்த பிறகு தொண்ணூறு வரை ஓட்டிப் பார்த்தோம். கிளாஸில் அலை இல்லை. திங்கட்கிழமை தேனு வேனிலேயே கை காட்டிவிட்டுப் போனாள், மத்தியானம் சொக்கலேட் வாயோடு வந்து சேர்ந்தாள். பிள்ளைகளுக்குத் துணையாக வேனில் போய்க் கூடவே இறங்கிய லெச்சுமி அக்கா அந்தத் தாயத்தை என் கையில் வைத்து மூடினார்.

"வேன் ஆட்டம் நின்னுருச்சு, உன் ஆட்டம்தான் நிக்கல. நீ வச்சுக்கோமா, சுத்தாத இடமா பார்த்துக் கட்டு."

கான்வென்ட்டில் படித்தவள் இதையெல்லாம் நம்புவதில்லை; அதனால்தான் சிவாவும் தேனுவும் தூங்கிய பிறகு அதை வாசல் தாழ்ப்பாளில் கட்டி, உள்ளிருந்து தாழ் போட்டு, அது சுற்றவில்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.