றீற்றாவுக்கு நான் எழுதிவிட்ட ‘ஓம்’

றீற்றா மோசம் போயிட்டாவாம். காலம வாட்ஸ்அப்பைத் திறந்தா அவவின்ர மகன் மெசேஜ் போட்டிருக்கிறார்... ஸ்கொட்லாந்தில, ஆஸ்பத்திரியில, நித்திரையிலயே சீவன் போச்சாம்.

உங்களில கனபேருக்கு அவ பெரிய ஜெனெட்டிக்ஸ் விஞ்ஞானி. எனக்கு, எங்கட ஊர் கரம்பொன் பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்ச றீற்றா.

ஆம்பிளையளுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒண்டுதான், பொம்பிளையளுக்கு ரெண்டு இருக்கு. அதில ஒண்டை உடம்பின்ர ஒவ்வொரு உயிர்க்கலமும் தானாவே பூட்டி வைச்சிடும். ஏன் பூட்டுது, பூட்டினது எப்பிடிப் பூட்டினபடியே கிடக்குது... இந்த ஒரு கேள்வியோட நாப்பது வருசம் லாப்பில இருந்த மனுசி. இப்ப அதுக்கு எபிஜெனெட்டிக்ஸ் எண்டு பேர்.

எனக்கு அவ அதை விளங்கப்படுத்தினது எங்கட குசினிப் பூனையை வைச்சு. மூண்டு நிறப் பூனை. "உவளின்ர கறுப்பு இடத்தில ஒரு எக்ஸ் வேலை செய்யுது, மஞ்சள் இடத்தில மற்றது. மூண்டு நிறத்தில கடுவன் எங்கயாவது கண்டனீரோ?"

யோசிச்சுப் பார்த்தன். ஒண்டையும் கண்டதா ஞாபகமில்லை. "பேந்தென்ன!" எண்டு கையைத் தட்டிச் சிரிச்சா.

எழுபதுகளின்ர கடைசி அது. ஸ்கொட்லாந்தில இருந்து லீவில வந்தவ, ஆனா சும்மா வரேல்லை. எங்கட பக்கத்தில ஒரு கடல்தொழில் குடும்பம். அதில ஆம்பிளைப் பிள்ளையள் சிலருக்கு வேர்வையே வராது, பல்லும் ரெண்டு மூண்டுதான். கடலுக்குப் போனா சூடு தாங்காம நெடுகச் சேட்டைக் கழட்டி நனைச்சு நனைச்சுப் போடுவாங்கள்.

அந்தக் குடும்பத்துப் பொம்பிளையள் பார்வைக்குச் சுகமாத்தான் இருப்பினம். ஆனா முதுகு திட்டுத்திட்டா வேர்க்காது... அந்தப் பூனையின்ர நிறம் மாதிரி. அதைப் படமெடுக்கத்தான் றீற்றா வந்தவ.

நான் அப்ப அங்க மிட்வைஃப். நான் கூடப் போனாத்தான் பெண்டுகள் சட்டை கழட்டுவினம். முதுகில அயடின் பூசி, காய்ஞ்ச பிறகு மாத் தூவி, வெயிலில இருத்துவம். வேர்த்த இடம் கறுக்கும். கொண்டுவந்த மா முடிய எங்கட வீட்டுக் கோதம்பை மாவை அரிச்சுக் குடுத்தன். "என்ர புரொஃபெசர் கண்டா தோலை உரிப்பார்" எண்டா.

ஒரு சனிக்கிழமை, கலியாணம் பேசிக்கிடந்த என்ர தங்கச்சியையும் இருத்தினவ. அந்தக் குடும்பம் எங்கட அம்மாவின்ர வழி... கறுப்புக்கு நடுவில திட்டுத்திட்டாப் பழுப்பு.

"கலியாணத்தை நிப்பாட்டத் தேவையில்லை. பெடியன் பிறந்தா ரெண்டில ஒண்டுக்கு இது வரலாம். காய்ச்சலெண்டாப் போர்க்கக் கூடாது, ஈரத்துணியால துடைக்க வேணும். அவ்வளவுதான். தங்கச்சிக்கு நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?" எண்டு றீற்றா என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டா.

"நான் சொல்லுறன்" எண்டனான்.

அடுத்தநாள் வேதக்கோயிலில ஞாயிற்றுப் பூசை. தங்கச்சியின்ர பிடரியில அயடின் மஞ்சள் போகேல்லை. நாரந்தனையில அவளுக்குப் பேசின மாப்பிள்ளையின்ர தாய் எங்களுக்குப் பின் வாங்கில இருந்தவ. கோயில் வாசலிலயே என்னைப் பிடிச்சிட்டா. "என்ன பிள்ளை உது? தங்கச்சிக்கு ஏதும் நோய் வருத்தமோ?"

கலியாணம் குழம்பிப் போடுமெண்டு வாயில வந்ததைச் சொன்னன். "ஐயோ வருத்தமொண்டுமில்லை மாமி... உந்த றீற்றா எங்கட பெண்டுகளின்ர முதுகைப் படமெடுத்து வெள்ளைக்காரருக்கு விக்கிறாவாம். எங்களையும் ஏமாத்திப் போட்டா."

மிட்வைஃப் சொன்னா ஊர் நம்பும். மூண்டே நாள், ஒரு வீட்டுப் படலையும் எங்களுக்குத் திறக்கேல்லை. "வீட்டில ஒருத்தருமில்லை" எண்டு ஒரு மனுசி தன்ர வீட்டு முத்தத்தில நிண்டுகொண்டே சொன்னா. றீற்றா என்னைப் பார்த்தா. நான் சைக்கிள் சில்லைப் பார்த்தன்.

கரம்பொன் ஆக்கள் சிலர் இன்னும் அந்தக் கதை சொல்லுறவை. அது நான் கட்டின கதை. அவ எடுத்த படங்களில ஒருத்தரின்ர முகமும் இல்லை. ஒண்டும் விக்கவும் இல்லை.

அரைவாசி வேலையோட திரும்பிப் போனவ. பஸ் ஏறேக்க சொன்னா, "என்ர றிசேர்ச் கிடக்கட்டும். தங்கச்சிக்கு மட்டும் சொல்லிப்போடும்." கதை கட்டினது நானெண்டு அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கு... சீ.

கலியாணம் முடிஞ்சுது. நான் சொல்லேல்லை. நாளைக்குச் சொல்லுவம், பிறகு சொல்லுவம்... பெடியன் பிறந்தான்.

நாலாம் மாதம். சித்திரை வெயில். பிள்ளைக்குக் காய்ச்சல். மாமியார் கம்பளியால சுத்தச் சொன்னா, தங்கச்சி சுத்தினாள்.

"கொஞ்சம் எடுத்து விடுங்கோவன்" எண்டு சொன்னன்தான். "குளிர் பட்டா என்ன செய்யிறது?" எண்டா மாமியார். அதுக்கு மேல கதைச்சா ஏன் எண்டு சொல்ல வேணும். நான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். மிட்வைஃப் நான்...

பின்னேரம் பிள்ளையின்ர சீவன் போச்சு.

அந்த வருச நத்தாருக்கு றீற்றாவின்ர கிறிஸ்மஸ் காட் வந்தது. உள்ளுக்க ஒரு வரி. "தங்கச்சிக்குச் சொன்னனீரோ?"

"ஓம்" எண்டு எழுதிப் போட்டனான். அடுத்த வருசம் வந்த காட்டில, "இப்பதான் எனக்கு நிம்மதி" எண்டு கிடந்தது. பிறகு அவ கேக்கவேயில்லை. வெக்கங்கெட்டவள் நான், அந்தக் காட்டுகளை அலுமாரிக்கு மேல அடுக்கி வைச்சு வாறவைக்குக் காட்டினனான்... என்ர சிநேகிதி விஞ்ஞானி எண்டு.

இண்டைக்கு மகன்ர மெசேஜைப் பார்த்த கையோட கனடாவுக்குப் போன் எடுத்தன். தங்கச்சிக்கு எல்லாம் சொன்னன். அயடின், கோயில் வாசல், கம்பளி... எல்லாம்.

கடைசி மட்டும் கேட்டாள். பிறகு, "சுத்தினது நான், அக்கா. நீ பார்த்துக்கொண்டு நிண்டனீ" எண்டாள். போனை வைச்சிட்டாள். திருப்பி எடுத்தன், எடுக்கேல்லை.

றீற்றா, தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டன்.

போயிட்டு வாரும்.